உருளைக்கிழங்கு பீரங்கிக்கு எந்த பைப் வாங்கணும்னு கேட்ட அப்பாவுக்கு

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம் பக்கத்துல இருந்து ஒருத்தர் கேட்டிருக்காரு. பத்தாங்கிளாஸ் படிக்கிற மகன் ஏதோ வீடியோ பாத்துட்டு உருளைக்கிழங்கு பீரங்கி செஞ்சே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கானாம், நாலு இஞ்சு பிவிசி பைப்பு கொஞ்சம், ரெண்டு இஞ்சு பைப்பு கொஞ்சம் வேணுமாம், எந்த பைப் வாங்கினா தாங்கும், எத்தன கிலோ பிரஷர் குடுக்கலாம், குரங்கு வெரட்டவும் ஆகும்லா, அப்படியே வீட்டுக்குப் பின்னால இருக்க சாய்ப்புல அவனுக்கு சின்னதா ஒரு ஒர்க்‌ஷாப் போட்டுக் குடுக்கணும்னா என்னல்லாம் வாங்கணும்னு. நான் ரெண்டு மூணு தடவ வாசிச்சுப் பாத்தேன். பைப்ப பத்தி கேட்ட மாதிரி இருந்தாலும், இவரு உண்மையில கேக்குறது வேற. பயலுக்கு கையில ஒரு ஆர்வம் வந்திருக்கு, அதக் கெடுக்கவும் மனசில்ல, கண்ணு காது போயிரக் கூடாதேன்னு பயமும் இருக்கு, என்ன செய்யட்டும்னு கேக்காரு. அதனால பைப்புக்கும் பதில் சொல்லுதேன், அதுக்கும் சேத்து சொல்லுதேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கிடுங்க.

நான் யாருன்னா, 27 வருஷம் மெயின்டனன்ஸ் ஃபிட்டரா இருந்தவன். கம்ப்ரசர், ஏர் லைன், ஸ்டீம் லைன், வால்வு, கேஸ்கட், இதுதான் பொழப்பு. இப்பம் ரிட்டயர்ட் ஆகி தக்கலைப் பக்கம் வீட்டோட ஒரு ஷெட்டு வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போயிட்டு வந்த பிறகு அக்கம்பக்கத்துப் பிள்ளைங்க நாலஞ்சு பேரு வந்து எதையாவது அறுத்துட்டு ராவிட்டு இருப்பாங்க. பிரஷர பத்தி நான் சொல்றது கையால பாத்தது. சட்டத்த பத்தி சொல்றது வாசிச்சுத் தெரிஞ்சது, நான் வக்கீல் இல்ல, அத மனசுல வச்சுக்கிட்டு வாசிங்க.

முதல்ல தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. நம்ம ஊருல கிழங்குன்னு மொட்டையா சொன்னா மரச்சீனிதான், ஒரு பய என்கிட்ட மரச்சீனிய வச்சு சுட முடியுமா மாமான்னே கேட்டான், ஆனா இது உருளைக்கிழங்குதான். நீளமான குழாயோட வாய்ல கிழங்க வச்சு அமுக்குனா குழாயோட விளிம்பே அத வட்டமா வெட்டி உள்ள எடுத்துக்கும், ஈரமும் மாவும் சேந்து காத்து கசியாம அடைச்சுக்கிடும், வழுக்கிட்டும் போகும், அதனாலதான் உருளைக்கிழங்கு. பின்னால ஒரு அகலமான அறை. அதுல காத்த அடைச்சு வச்சு ஒரு வால்வ படார்னு திறக்குறது ஒரு வகை, எரியிற கேஸோ ஸ்ப்ரேயோ அடிச்சு தீப்பொறி வைக்கிறது இன்னொரு வகை. ரெண்டுலயும் நடக்குறது ஒண்ணுதான், பின்னால இருக்க அழுத்தம் கிழங்க முன்னால தள்ளுது. கணக்கு போட்டா, ரெண்டு இஞ்சுக் குழாய்க்கு வாய்ப் பரப்பு சுமாரா 20 சதுர செ.மீ., 4 கிலோ பிரஷர், அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு 4 கிலோ, இருந்தா கிழங்கு மேல 80 கிலோ தள்ளு விழும். 100 கிராம் கிழங்கு ஒண்ணு செகண்டுக்கு 60 மீட்டர் வேகத்துல போச்சுன்னா அதுல 180 ஜூல் சக்தி இருக்கு. 160 கிராம் கிரிக்கெட் பந்த 140 கிலோமீட்டர் வேகத்துல போடுற பௌலரோட பந்துலயே 120 ஜூல்தான். ஹெல்மெட் இல்லாம அதுக்கு முன்னால யாராவது நிப்பாங்களா?

இப்பம் பைப்புக்கு வருவோம், இங்கதான் எல்லாரும் வழுக்கி விழுறது. கடையில நீங்க பாக்குற சாம்பல் கலர் பிவிசி பைப்புல ஐஎஸ் 4985ன்னு அடிச்சிருக்கும், பக்கத்துல 4 கிலோ, 6 கிலோ, 10 கிலோன்னு கிளாஸும் இருக்கும். அத பாத்துட்டு பயலுக "நாம 4 கிலோதான குடுக்கப் போறோம், 6 கிலோ பைப்பு தாராளமா தாங்கும்"னு கணக்கு போடுதாங்க. கணக்கு சரி, படிச்சதுதான் தப்பு. அந்த நம்பர் தண்ணிக்கு உள்ளது, அதுவும் 27 டிகிரி சூட்டுல. தண்ணி அமுங்காது. ஒரு லிட்டர் தண்ணிய 7 கிலோவுக்கு அழுத்தி வச்சா அதுல சேந்து நிக்கிற சக்தி சுமாரா 0.1 ஜூல், அதாவது 10 கிராம் எடைய ஒரு மீட்டர் தூக்குற அளவு. பைப்பு விரிஞ்சா கொஞ்சம் பீச்சி அடிக்கும், அத்தோட தீந்துது. அதே ஒரு லிட்டர் காத்த அதே 7 கிலோவுக்கு அழுத்தி வச்சா 500 ஜூலுக்கு மேல, ஒரு சிமென்ட் மூட்டைய ஒரு மீட்டர் தூக்குற சக்தி. ஆயிரக்கணக்குல மடங்கு வித்தியாசம். அந்த சக்தி பைப்பு உடையிற அதே நொடியில வெளிய வரும், பிவிசியோ கிழியிற சாதி இல்ல, கண்ணாடி மாதிரி செதில் செதிலா நொறுங்குற சாதி. இரும்பு லைன் பெரும்பாலும் ஒரு இடத்துல விரிஞ்சு சீறும், பிவிசி லைன் கத்தி வீசும். அமெரிக்காவுல வேலையிடப் பாதுகாப்புக்குன்னு இருக்க ஓஷா 1988லயே தரைக்கு மேல போடுற கம்ப்ரசர் காத்து லைனுக்கு பிவிசி பைப் போடாதீங்கன்னு எச்சரிக்கை விட்டிருக்கு, ஒரு தொழிலாளிக்கு அந்த செதில் பாஞ்ச பிறகுதான் விட்டது. இது எனக்கு சந்தேகமே இல்லாத விஷயம்.

சந்தேகம் இல்லைன்னு ஏன் அழுத்திச் சொல்லுதேன்னா, நானே செஞ்சு பாத்தவன். 27 வருஷம் இரும்பு லைன்ல வேல பாத்துட்டு சொந்த ஷெட்டுக்குன்னு வந்தப்பம் காசு மிச்சம் பிடிக்கலாம்னு முக்கால் இஞ்சு பிவிசிய சுவரோட ஓட்டி கம்ப்ரசர்ல இருந்து லைன் எடுத்தேன். குத்தம் முழுக்க என்னோடது, தெரிஞ்சே செஞ்சது. ஒண்ணரை வருஷம் ஒரு கொறையும் இல்ல. ஒரு நாள் மத்தியானம் சாப்புட வீட்டுக்குள்ள போயிருக்கேன், கம்ப்ரசர் ஓடிட்டு இருக்கு, பின்னால வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். போய் பாத்தா ஒரு எல்போவுல இருந்து ரெண்டு முழம் பைப்பக் காணோம். துண்டெல்லாம் எங்கன்னு தேடுனா, மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்ல ஒரு ஓட்ட, வைஸு பக்கத்துல தொங்க விட்டிருந்த என் பழைய சட்டைய கிழிச்சுட்டு ஒரு செதில் பலகையில குத்தி நிக்கி. சட்டை தொங்கின இடம் நான் நிக்கிற இடம் பாத்துக்கிடுங்க. அன்னைக்கு மீன்குழம்பு கொஞ்சம் நல்லா இருந்ததால எந்திரிக்க லேட்டாச்சு, அவ்வளவுதான் விஷயம். அடுத்த வாரமே எல்லாத்தையும் பிடுங்கிட்டு ஜிஐ லைன் போட்டேன்.

ஆக எந்த கம்பெனி பைப்புங்கற கேள்விக்கு என் பதில், எந்த கம்பெனியும் இதுக்குன்னு பைப்பு செய்யல. இன்னும் சில சங்கதி இருக்கு, வீடியோவுல சொல்ல மாட்டாங்க. மாடியிலயும் குளிமுறியிலயும் இருந்து கழிவுத்தண்ணி இறங்குற நாலு இஞ்சு பைப்பு பிரஷர் பைப்பே இல்ல, அது சும்மா வழிஞ்சு ஓடுறதுக்கு உள்ளது, வீட்டுல மிச்சம் கிடக்குன்னு பயலுக முதல்ல எடுக்குறது அதத்தான். வெயில்ல கிடந்து வெளுத்துப்போன பைப்பு வெளித்தோல் செத்த பைப்பு, ஒரு கீறல் விழுந்தா அங்க இருந்து பிளக்கும். சூடு ஏற ஏற பலம் கொறையும், 43 டிகிரிக்கு வந்தாலே தாங்குற பிரஷர் பாதிக்கு இறங்கிரும், மொட்டைமாடியில உச்சி வெயில்ல கிடந்த பைப்ப தொட்டுப் பாத்தா தெரியும் அது எத்தன சூடுன்னு. அப்புறம் ஒட்டு. நாலு இஞ்சு அறையோட பின்மூடி மேல 4 கிலோ பிரஷர்ல விழுற தள்ளு சுமாரா 350 கிலோ, அஞ்சு பேரு சேந்து மூடிய உள்ள இருந்து சவுட்டுற மாதிரி. அத பிடிச்சு நிக்கிறது நீங்க பிரஷ்ஷால தடவுன சால்வன்ட் சிமென்ட் மட்டும்தான். அது முழுசா இறுக ஒரு நாளாவது வேணும், பத்தாங்கிளாஸ் பயலுக்கு ஒரு நாள் பொறுமை எங்க இருந்து வரும்? காய்றதுக்கு முந்தி உள்ள நிக்கிற அந்த ஆவியும் தீ பிடிக்கிற சாதி, அது தனி.

இதுல எனக்கே உறுதியா சொல்ல முடியாத ஒரு இடம் இருக்கு, அதையும் சொல்லணும். "மாமா, ஆயிரம் பேரு செய்றானே, எவனுக்கும் ஒண்ணும் ஆகலயே"ன்னு பயலுக கேப்பாங்க. உண்மைதான், முதல் தடவ சுட்ட உடனே எல்லா பைப்பும் வெடிக்காது, பலது வெடிக்காமலே தூக்கிப் போட்டுருவாங்க. எந்த பைப்பு எத்தனாவது தடவ போகும்னு என்னால மட்டும் இல்ல, யாராலயும் சொல்ல முடியாது, ஏன்னா ஒவ்வொரு தடவ அழுத்தம் ஏறி இறங்கும்போதும் உள்ளுக்குள்ள நூல் அளவு கீறல் வளரும், வெளிய ஒண்ணும் தெரியாது. என் லைன் ஒண்ணரை வருஷம் தாங்குச்சு. அப்ப இரும்பு பைப்புல செஞ்சா என்னன்னு அடுத்த கேள்வி வரும். பைப்பு தாங்கும், ஆனா அப்பம் நீங்க செய்றதுக்கு பேரு விளையாட்டு சாமான் கிடையாது. அதுக்கு நான் கணக்கு சொல்லித் தர மாட்டேன், கேக்காதீங்க.

காத்து வகைய விட தீ வகை மோசம். மூடின அறைக்குள்ள கேஸும் காத்தும் சரியா கலந்து எரிஞ்சா அழுத்தம் இருந்ததுல எட்டு மடங்கு வரைக்கும் ஏறும், கண்ண சிமிட்டுறதுக்குள்ள. சரியா கலந்துச்சா இல்லையான்னு வெளிய இருந்து தெரியவும் செய்யாது. அதுல எல்லாத்துக்கும் மேல கொடுமையானது கார்பைடுங்கற கல்லு. முன்னால வெல்டிங் பட்டறையில டிரம்ல போட்டு கேஸ் எடுப்பாங்க, வாழைக்குலைய கள்ளத்தனமா பழுக்க வைக்கவும் பயன்படுத்துவாங்க, அதுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல தடை இருக்கு. தண்ணி பட்டா அசிட்டிலின்ங்கற எரியிற கேஸ் வரும். சமையல் கேஸு காத்துல 2 சதவீதத்துல இருந்து 10 சதவீதத்துக்குள்ள இருந்தாதான் தீ பிடிக்கும், அசிட்டிலின் 2.5ல ஆரம்பிச்சு 80 சதவீதத்துக்கும் மேல வரைக்கும் பிடிக்கும், தீ ஓடுற வேகமும் மூணு மடங்குக்கு மேல. நீளக் குழாய்க்குள்ள ஓடும்போது வெறும் எரியுறது மாறி வெடியாவே ஆகிரும்.

2025 தீபாவளிக்கு மத்தியப் பிரதேசத்துல, போபால் சுத்துவட்டாரத்துல, பிவிசி பைப்பு கார்பைடு துப்பாக்கின்னு நூத்தம்பது இருநூறு ரூபாய்க்கு வித்தது வாங்கி வச்சு நூத்துக்கும் மேல ஆளுங்க, பெரும்பாலும் சின்னப் பிள்ளைங்க, கண்ணுல அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, சிலருக்கு பார்வையே போச்சு. எப்படி நடக்குதுன்னு பாருங்க. பட்டன அமுக்குனா வெடிக்கல, என்னாச்சுன்னு குழாய் வாய்ல கண்ண வச்சு எட்டிப் பாக்கான், அப்பம் வெடிக்குது. தீயும் பிளாஸ்டிக்கும் மட்டும் இல்ல, கார்பைடு கரைஞ்சு மிச்சம் நிக்கிறது சுண்ணாம்பு, அதுவும் சேந்து கண்ணுல அடிக்கும். ஆசிட் கண்ணோட மேல் தோல வேக வச்சு அங்கயே பெரும்பாலும் நின்னுரும், சுண்ணாம்பு அப்படி இல்ல, உள்ள இறங்கிக்கிட்டே போகும். தெரியாத்தனமா யாருக்காவது அப்படி ஆயிட்டா, கண்ண கசக்க விடாம, உடனே ஓடுற சுத்தமான தண்ணியில அரை மணி நேரம் விடாம கழுவிட்டு நேரா கண் ஆஸ்பத்திரிக்கு போகணும். எண்ணெய், தாய்ப்பால், மஞ்சள், ஒண்ணும் ஊத்தக் கூடாது. நம்ம பக்கம் சுண்ணாம்பு பட்ட கண்ணுல தேங்காண்ண ஊத்துற பழக்கம் இன்னும் இருக்கு, அதனால சொல்லுதேன்.

சட்டத்த பத்தி ரெண்டு வார்த்தை. 1959 ஆயுதச் சட்டத்துல சுடுகலன்னா என்னன்னு எழுதியிருக்க இடத்துல, வெடிமருந்தாலயோ வேற எந்த வகை சக்தியாலயோ எதையாவது எறியிறதுக்குன்னு செஞ்சதுன்னு இருக்கு. வேற எந்த வகை சக்தின்னா காத்தும் அதுல வரும், எதையாவதுன்னா கிழங்கும் வரும். 2016ல வந்த ஆயுத விதியில ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம்னு சொல்ற எல்லை 20 ஜூல், குழல் 4.5 மில்லிமீட்டர். நாம மேல போட்ட கணக்கு 180 ஜூல், 50 மில்லிமீட்டர். ஒரு ஸ்கூல் பயன் விளையாட்டுக்குச் செஞ்சத போலீசும் கோர்ட்டும் எப்படி பாக்கும்ங்கறது அந்தந்த நேரத்த பொறுத்தது, அதுல நான் ஆருடம் சொல்ல வரல. எழுத்துல என்ன இருக்குன்னு மட்டும் சொன்னேன். கார்பைடுக்கு 1987லயே தனி விதி இருக்கு, அது பெட்டிக்கடையில வாங்குற சாமான் இல்ல. குரங்கு வெரட்டலாம்னு நீங்க சொன்னதுக்கும் அதே பதில்தான், சத்தம் கேட்டு முதல் வாரம் ஓடும், ரெண்டாவது வாரம் மரத்துல உக்காந்து பாத்துட்டு இருக்கும், கிழங்க சுட்டா எடுத்துத் திங்கும். காயம் பட்டுச்சுன்னா வனத்துறைக்கு நீங்க பதில் சொல்லணும்.

இன்னொரு சங்கதி, இடம். அந்தக் கிழங்கு நூத்தம்பது மீட்டருக்கு மேல போகும். அமெரிக்காவுல மைதானம் மாதிரி வயக்காட்டுல நின்னு சுடுதாங்க. 2011 கணக்குப்படி நம்ம மாவட்டத்துல சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேரு, தமிழ்நாட்டுல சென்னைக்கு அடுத்தபடி நெருக்கம் நாமதான். ஒரு விளைக்கும் அடுத்த விளைக்கும் நடுவுல ஒரு வீடு, வீட்டுக்குப் பின்னால ரப்பர் பால் எடுக்க ஒரு ஆளு, அதுக்கு அங்க கோயில், கோயிலுக்கு அங்க ஸ்கூலு. எங்க நின்னு சுடுவீங்க?

பயலுகிட்ட வேண்டாம்னு மட்டும் சொன்னா கேக்க மாட்டான், ஒளிச்சு செய்வான், அது இன்னும் மோசம். அவனுக்கு இதுல இருக்க கதைய சொல்லுங்க. இரண்டாம் உலகப்போர்ல பிரிட்டன்காரன் கப்பல்ல பீரங்கி பத்தாம இருந்தப்பம், காம்போர்ன்ங்கற ஊர்ல ஹோல்மன் பிரதர்ஸ்னு சுரங்கத்துக்கு மெஷின் செய்ற பட்டறைக்காரங்க, காத்து அழுத்தத்துலயும் ஸ்டீம்லயும் வெடிகுண்ட மேல எறியிற குழாய் ஒண்ணு செஞ்சு குடுத்தாங்க. விமானத்த விழவச்சத விட, கப்பல் ஆளுங்க பக்கத்து கப்பல் மேல உருளைக்கிழங்கு சுட்டு விளையாடுனதுக்குத்தான் அது பேரு வாங்குச்சு. அந்த ஊரு இருக்கது கார்ன்வால்ல, அவங்க நாட்டோட தென்மேற்கு முனை, அவங்களுக்கு அது ஒரு கன்னியாகுமரி மாதிரி, முனைக்காரனுக்குத்தான் இப்படி புத்தி போகும் போல. நம்ம பக்கமும் கொறச்சல் இல்ல. 1741ல குளச்சல்ல தோத்துப் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைக்காரன் டிலனாய், திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவுக்கே தளபதியாகி, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்ள பீரங்கி வார்க்குற பட்டறை நடத்துனாரு, கல்லறையும் அங்கதான் இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழம பயல கூட்டிட்டுப் போங்க. அந்தக் காலத்துலயே பீரங்கி வார்த்த உடனே எவனும் பக்கத்துல நின்னு சுட மாட்டான், வழக்கத்த விட அதிகமா மருந்து அடைச்சு, தூர நின்னு திரிய வச்சு, தாங்குதான்னு பாத்த பிறகுதான் ஆள் கிட்ட போவான். இன்னைக்கும் பாய்லரா இருந்தா முதல்ல தண்ணிய நிரப்பி ஓடுற பிரஷர விட ஒண்ணரை மடங்கு ஏத்திப் பாக்குறோம், நம்ம எல்லைய தாண்டின உடனே இருக்க மகேந்திரகிரியில இஸ்ரோக்காரங்க என்ஜின ஸ்டாண்டுல கட்டி வச்சுத்தான் எரிச்சுப் பாக்குறாங்க. எதை செஞ்சாலும் இது உடைஞ்சா எப்படி உடையும், அப்பம் நான் எங்க நிப்பேன்னு முதல்ல யோசிக்கிறதுதான் எங்க தொழில்ல முதல் பாடம்.

அந்தக் கேள்விய வச்சுப் பாத்தா அவனுக்குச் செய்ய ரெண்டு நல்ல சாமான் இருக்கு. ஒண்ணு, நாம சின்ன வயசுல மூங்கில் குழல்ல காய அடைச்சு டப்புன்னு அடிச்சு விளையாடுனோம்லா, அதையே ஒழுங்கா அளந்து செய்ய சொல்லுங்க. உள்விட்டம் 8 மில்லிமீட்டர் வர்ற குழாய் ஒரு சாண், அதுக்குள்ள லேசா ஓடுற கம்பி ஒண்ணு, ஒரு செ.மீ. கனத்துல நறுக்குன உருளைக்கிழங்கு துண்டு. குழாயோட ரெண்டு முனையயும் கிழங்குல குத்தி எடுத்தா ரெண்டு பக்கமும் அடைப்பு. பின்னால கம்பிய தள்ளு, நடுவுல காத்து பாதியா சுருங்குனா அழுத்தம் ரெண்டு மடங்கு, முன் அடைப்பு மேல விழுற தள்ளு வெறும் அரை கிலோ. டப். அது பள்ளிக்கூடப் புஸ்தகத்துல வர்ற பாயில் விதி கையில வந்து நிக்கிறது. ரெண்டு அடைப்புக்கும் நடுவுல இருக்க காத்து கூடினா தூரம் கூடுமா, துண்டு கனத்தா என்ன ஆகும், வாடுன கிழங்குக்கும் பச்சக் கிழங்குக்கும் என்ன வித்தியாசம், எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுத சொல்லுங்க. இதுவும் மூஞ்சிக்கு நேரா பிடிக்கிற சாமான் இல்ல, ஆனா உடைஞ்சா ஒண்ணும் ஆகாது.

ரெண்டாவது தண்ணி ராக்கெட். இதுக்கு 2 லிட்டர் கலர் பாட்டில், அதாவது கேஸ் அடைச்ச கூல்டிரிங்க்ஸ் பாட்டில், எடுங்க, குடிதண்ணி பாட்டில் வேண்டாம், அது மெல்லிசு. கலர் பாட்டில் கேஸ உள்ள வைக்கிறதுக்குன்னே செஞ்ச பாத்திரம், வெயில்ல கிடக்க சோடாவுக்குள்ள அழுத்தம் எத்தன இருக்கும்னு திறந்தாலே தெரியும், உடைஞ்சாலும் பிவிசி மாதிரி செதில் வீசாம கிழியும். மூணுல ஒரு பங்கு தண்ணி, வாய்க்கு இறுக்கமா ரப்பர் கார்க்கு, அது நடுவுல பந்துக்கு காத்தடிக்கிற ஊசி, சைக்கிள் பம்பு. கார்க்கு வழுக்கி விடுற பிரஷர்ல தானா கிளம்பிரும், 3 கிலோவுக்கு மேல ஏத்தணும்ங்கற ஆசையே வேண்டாம். பம்புக்கும் பாட்டிலுக்கும் நடுவுல அஞ்சாறு மீட்டர் டியூப் விடுங்க, பாட்டில் கிளம்பலைன்னா கிட்ட போயி ஆட்டிப் பாக்குறது கூடவே கூடாது, டியூப கழட்டி காத்த இறக்கிட்டுத்தான் போகணும். கீறல் விழுந்த பாட்டில வீசிருங்க. சூடு காட்டுனது, சூப்பர் க்ளூ ஒட்டுனது ஒண்ணும் ஏத்தாதீங்க. மூக்குக்கு இரும்பு, மரம் வேண்டாம், பழைய பந்து பாதியோ ஸ்பாஞ்சோ போதும். ஆனி ஆடியில ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்து அடிக்கும்போது மேல விட்டா பாட்டில் அடுத்த பஞ்சாயத்துலதான் இறங்கும், காலையில காத்து எந்திரிக்கிறதுக்கு முந்தி விடுங்க. உசரம் அளக்க ஒரு ஸ்டாப்வாட்ச் போதும், கிளம்புனதுல இருந்து தரையில விழுற வரைக்கும் எத்தன செகண்டோ அத அதாலயே பெருக்கி 9.8ஆல பெருக்கி எட்டால வகுத்தா சுமாரா உசரம் மீட்டர்ல வரும். நாலு செகண்டுன்னா 20 மீட்டர் கிட்ட. காத்துத் தடையால கொஞ்சம் தப்பும், எத்தன தப்புதுன்னு அவனே கண்டுபிடிக்கட்டும், அதுலதான் ருசி இருக்கு. தண்ணி அளவ மாத்தி மாத்தி விட்டு கிராப் போட்டான்னா அவனுக்கு பீரங்கி நெனப்பே வராது. என் ஷெட்டுக்கு வர்ற பிள்ளைங்கள்ல பெரும்பாலும் அப்படித்தான் ஆச்சு, ஒரே ஒருத்தன் மட்டும் இன்னும் பீரங்கி பீரங்கின்னுதான் நிக்கான், அவன இப்பம் லேத்துல நிறுத்தி வச்சிருக்கேன்.

இனி ஒர்க்‌ஷாப். எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்காதீங்க, ஆன்லைன்ல நூத்தியெட்டு சாமான் அடங்குன கிட்டுன்னு வர்றத வாங்கவே வாங்காதீங்க, அதுல ஸ்பேனர் வாய் விரிஞ்சுரும். முதல்ல ஒரு நாலு இஞ்சு பெஞ்ச் வைஸ், நல்ல கனமானது. கோட்டாறு, வடசேரி பக்கம் பழைய இரும்பு சாமான்ல தேடுனா புதுச விட நல்லது கிடைக்கும், தாடை ரெண்டும் சமமா மூடுதான்னு வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு பாத்து வாங்குங்க. பலகைக்கு பலாவோ அயினியோ ரெண்டு இஞ்சு கனத்துல மரமில்லுல கேளுங்க. பெஞ்சு உசரம் பயலோட முழங்கைக்கு வைஸ் தாடை வர்ற அளவு, அவன் வளந்தா கட்டைய வச்சு உசத்திக்கிடலாம். அப்புறம் ஹேக்ஸா பிரேம், ஒரு தட்டை அரம், ஒரு அரைவட்ட அரம், மூலை நேரா இருக்கான்னு பாக்க மூலமட்டம், நுணுக்கமா அளக்க வெர்னியர். டிஜிட்டல் வெர்னியர் வேண்டாம், பேட்டரி ஈரத்துல போயிரும், கோடு போட்ட 0.02 மில்லிமீட்டர் வெர்னியர் வாங்கி முதல் மாசம் முழுக்க கண்ணுல படுற எல்லாத்தையும் அளக்க வையுங்க. டிரில்லு 10 மில்லிமீட்டர் போதும், அது ரெண்டாம் மாசம். கண்ணுல போடுற பாதுகாப்புக் கண்ணாடி முதல் நாளே, ரெண்டு வாங்கணும், பக்கத்துல நிக்கிறவனுக்கும் சேத்து.

நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு, ஜூன்லயும் நனையும் ஐப்பசியிலயும் நனையும், கடல் காத்து வேற. சாய்ப்புல கரண்டு எடுக்கும்போது கரண்டு கசிஞ்சா தானா லைன வெட்டுற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி ஒண்ணு போடாம டிரில்ல சொருகாதீங்க, தரை ஈரத்துல நிக்கிற பயலுக்கு அதுதான் உயிரு. அரம், வைஸ் திருகுல துரு வராம இருக்க மெஷின் ஆயில் தடவுங்க, தேங்காண்ண தடவுனா நாலு மாசத்துல பிசினாகி ஒட்டிக்கிடும். அப்புறம் இங்க ரப்பர் ஷீட் சும்மா கிடைக்குதேன்னு வாசரு வெட்டிப் போடுவான், தண்ணிக்கு சரி, எண்ணெய் பட்டா நம்ம ரப்பர் ஊதி மெத்துன்னு ஆயிரும், எண்ணெய் படுற இடத்துக்கு நைட்ரைல் ஓரிங் கேட்டு வாங்கணும். ரப்பர் விளையில பிறந்த பயலுக்கு இது தெரியலைன்னா வெக்கம்.

ஹேக்ஸா பிளேடு வாங்கும்போது இஞ்சுக்கு 24 பல்லுன்னு கேளுங்க, சின்ன கனத்து இரும்புக்கும் பிவிசிக்கும் ரெண்டுக்கும் ஆகும். மாட்டும்போது பல்லு முன்னால பாத்து இருக்கணும், தள்ளும்போதுதான் அறுக்கும், இழுக்கும்போது தூக்கிக்கிடணும். பாதிப் பேரு தலைகீழா மாட்டிட்டு பிளேடு மோசம்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்கு போவான்.